பக்கத்து ரூமில் ஒரு ரசிகர் இருக்கிறாரா?

ஹாஸ்டலில் இயர்போனை மாட்டிக்கொண்டு நீங்கள் கேட்பது தோடி என்று பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் "என்னடா, தாத்தா பாட்டா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். தப்பு அவர் மேல் இல்லை. அவர் வளர்ந்த வீட்டில் அந்தச் சத்தம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

ஆனால் இப்படியே நாலு செமஸ்டர் ஓடினால் என்ன ஆகும்? முதலில் கேட்கும் நேரம் குறையும். அப்புறம் ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் மட்டும் கேட்பது என்று ஆகும். ஏழெட்டு வருஷம் பாட்டு வகுப்புக்குப் போனவர்கள்கூட ஃபைனல் இயரில் "முன்னாடி கத்துக்கிட்டேன்" என்று இறந்த காலத்தில் பேசுவார்கள். காரணம் கேட்டால் லேப், ரெக்கார்டு, அரியர் என்று நீளமாக வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே ஆட்கள் ராத்திரி ரெண்டு மணி வரை வெப் சீரிஸ் பார்க்கிறார்கள், ஏன்னா மறுநாள் மெஸ்ஸில் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கு. தோடியைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

கர்நாடக இசை தனியாகக் கேட்பதற்கென்று உருவானதும் இல்லை. சபையில் ஒருவர் "பலே" என்பார், இன்னொருவர் தலையை ஆட்டுவார், வயலின்காரர் சிரிப்பார். ஒரு நல்ல சங்கதி விழுந்ததும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பக்கத்தில் சுவர் இருந்தால் பாதி சுகம் போச்சு. அதனால் இந்த இதழில் ராக லட்சணம் வேண்டாம். கூட உட்கார்ந்து கேட்க ரெண்டு பேரை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

கையைக் கவனியுங்கள்

"இங்கே யாருக்காவது கர்நாடக சங்கீதம் பிடிக்குமா?" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். நாலு சிரிப்பு ஸ்மைலி வரும், வேறு ஒன்றும் வராது. ஆர்வம் உள்ளவர் நூறு பேர் முன்னால் கையைத் தூக்க மாட்டார். அவரை அவருடைய கைதான் காட்டிக் கொடுக்கும்.

சும்மா பாட்டு கேட்பவர் காலைத் தட்டுவார். தாளம் கற்றவர் விரலை எண்ணுவார். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இது பழகிய கை சினிமாப் பாட்டுக்கும் தொடையில் தானாகவே அப்படித்தான் போகும். லெக்சர் ஹாலில் கடைசி பெஞ்சை விரல் நுனியால் தட்டுகிறவரையும் கவனியுங்கள். "தகதிமி" கணக்கில் தட்டினால் அவர் எங்கேயோ மிருதங்கமோ கஞ்சிராவோ வாசித்தவர். கல்லூரி லைட் மியூசிக் குழுவின் வயலின், புல்லாங்குழல் ஆட்களிடம் ரெண்டு நிமிஷம் பேசுங்கள். அவர்களில் பலர் வர்ணம் வரை போய் விட்டவர்களாக இருப்பார்கள். நாம் தேடுகிற கூட்டத்தில் பெரும் பகுதி இந்த "விட்டவர்கள்"தான். அவர்களுக்குள் ஆசை செத்துப் போயிருக்காது, கூப்பிட ஆள் இல்லாமல் இருக்கும்.

இன்னொரு வகை, தனக்கே தெரியாத ரசிகர். சுப்ரமணியபுரம் படத்தின் அந்தக் காதல் பாட்டை ஆயிரம் தடவை கேட்டவரிடம், கவிக்குயில் படத்துக்காக 1977ல் பாலமுரளிகிருஷ்ணா பாடியதைப் போட்டுக் காட்டுங்கள். "ரெண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கே?" என்று அவரே கேட்டால் ஆள் கிடைத்தாச்சு. ரெண்டும் ரீதிகௌளை. காது சரியாகத்தான் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை.

மூன்றாவது வகையைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், ஆனாலும் சொல்லணும். சங்கீதம் என்றதும் சென்னை சபா, பட்டுப்புடவை, ஒரு குறிப்பிட்ட வீட்டுப் பேச்சு என்று ஒரு படம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. அதனாலேயே, அப்பா கோயிலில் தவில் வாசிப்பவர், தாத்தா நாகஸ்வரம் என்பதைக் கல்லூரியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை, நம்மைவிட நூறு மடங்கு சங்கீதம் தெரிந்தும், "அது உங்க பாட்டு" என்று ஒதுங்கி நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை! அப்படி ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்வதாக நினைக்காதீர்கள். அவர்தான் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கீபோர்டின் கறுப்புக் கட்டைகள்

நம் ஆட்களை இழுக்க நம் பாடத்தையே பயன்படுத்தலாம். இதை நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன், அநேகமாகத் தோற்றதில்லை.

போனில் ஒரு இலவச கீபோர்டு ஆப் போதும். கறுப்புக் கட்டைகள் மட்டும். மூன்று கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதல் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். ஸ ரி க ப த, அதாவது மோகனம். இப்போது கட்டைகளை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. ஐந்தே கட்டை, ஐந்து ராகம், ஐந்து வேறு வேறு மனநிலை! இதற்கு கிரகபேதம் என்று பெயர். டேட்டா ஸ்ட்ரக்சர் படித்தவரிடம் "ஒரு அரேயை சர்க்குலர் ஷிஃப்ட் பண்றோம்" என்றால் உடனே புரியும். வெறும் ஸ்வர வரிசை ராகம் ஆகிவிடாது, கமகம் வேண்டும், பிடிப்பு வேண்டும் என்பதையெல்லாம் ரெண்டாவது சந்திப்பில் சொல்லிக்கொள்ளலாம். முதல் நாளே சாஸ்திரம் பேசினால் ஓடிவிடுவார்கள்.

கணக்குப் பிரியருக்கு இது பிடிக்கவில்லையென்றால் மிருதங்கத்தைக் காட்டுங்கள். விறைப்பாகக் கட்டிய சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் வரும் மேல்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமையாது. பெசல் ஃபங்ஷன் போட்டுப் பார்த்தால் 1, 1.59, 2.14 என்று கோணலாகப் போகும். அதனால்தான் பல தோல்கருவிகளில் 'தொம்' என்ற ஓசை வருமே தவிர தெளிவான சுருதி வராது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் அப்பியிருக்கும் கறுப்புப் பூச்சு அந்தக் கோணலைச் சரிசெய்து, மேல்சுரங்களைக் கிட்டத்தட்ட 1, 2, 3, 4 என்று வரிசையில் நிறுத்துகிறது. இதை ஆராய்ந்து 1920ல் நேச்சர் இதழில் எழுதியவர்களில் ஒருவர் நம்ம சர் சி.வி. ராமன். நோபல் பரிசு வருவதற்குப் பத்து வருஷம் முன்னால்! 1934ல் விரிவாக மறுபடியும் எழுதினார். ஒரு மிருதங்கம், ஒரு மைக், போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் இருந்தால் நீங்களே பார்க்கலாம். மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ளவும். ப்ராஜெக்ட்டுக்காக வந்தவர் கச்சேரிக்குத் தங்கிவிடுவது உண்டு.

மூன்று பேர் சேர்ந்ததும்

கிளப், லோகோ, டி-ஷர்ட் என்று இறங்காதீர்கள். ஃபேகல்ட்டி கையெழுத்து வாங்குவதற்குள் ஆர்வம் ஆறிவிடும். மொட்டை மாடி, ஒரு ஸ்பீக்கர், வாரத்தில் ஒரு நாள், முக்கால் மணி நேரம் போதும்.

ஒரு நாளுக்கு ஒரு ராகம். முதலில் சின்னதாக ஒரு பாட்டு, பிறகு அதே ராகத்தில் சினிமாப் பாட்டு ஒன்று, கடைசியில் கொஞ்சம் பெரிய உருப்படி. முதல் மாதமே நாற்பது நிமிஷ ராகம் தானம் பல்லவி போட்டால் அடுத்த வாரம் நீங்களும் ஸ்பீக்கரும்தான் இருப்பீர்கள். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் மத்யமம் ஒன்றே என்பதை வாயால் சொல்லாமல், ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டு "எங்க மாறுது?" என்று கேளுங்கள். சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டைக்குத்தான் இவ்வளவு பாடு.

"தெலுங்கு புரியல மச்சி" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். நியாயமான பேச்சு. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று தமிழில் ஒரு பெரிய சொத்தே இருக்கிறது. சஞ்சய் சுப்ரமணியன் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் நிறையக் கிடைக்கும். (அவர் படிப்பால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். "சங்கீதமும் படிப்பும் ஒத்து வராது" என்று வீட்டில் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.)

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தப்பாக ராகம் சொன்னவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. எங்கள் ஹாஸ்டலில் இந்த ஒரு விதிதான் எழுதி ஒட்டியிருக்கிறோம். தெரிந்தவர் மேதாவித்தனம் காட்டியதால் கலைந்த குழுக்கள்தான் அதிகம்.

கேம்பஸுக்கு வெளியே

நம் கல்லூரிகள் பலவும் ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டோரம். பக்கத்தில் சபா இருக்காது, ஆனால் கோயில் இருக்கும். திருவிழாவில் சாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்கும். அது கச்சேரி மேடைக்கு வந்து நீங்கள் கேட்பதல்ல, தெருவில் நடந்தபடியே வாசிக்கிற இசை. வாசித்து முடித்து அவர்கள் ஓய்வாக உட்காரும்போது போய், "கடைசியா வாசிச்சது என்ன ராகம்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. முகம் மலர்ந்துவிடும். ஓதுவார் இருக்கும் கோயிலானால் தேவாரப் பண்ணைக் கேளுங்கள். மேகராகக் குறிஞ்சி என்பார், உங்கள் காதில் நீலாம்பரி விழும்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நம்மில் பலர் மறந்தே போகிறோம். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள். அங்கே படிப்பவர்கள் நம் வயதை ஒட்டியவர்கள். அவர்களுடைய ஆண்டு விழாவுக்குப் போய் நிற்பதே ஒரு அறிமுகம்.

கல்லூரிக்குள்ளேயே பெரிய கலைஞர்களை வரவழைக்க வேண்டுமானால் ஸ்பிக் மெக்கே இருக்கிறது. அதைத் தொடங்கியவர் சங்கீத வித்வான் இல்லை, நம்ம ஜாதி, எஞ்சினியர். கிரண் சேத் ஐஐடி கரக்பூரில் படித்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது தாகர் சகோதரர்களின் துருபத்தைக் கேட்டார். ஐஐடி டெல்லியில் ஆசிரியராகச் சேர்ந்தபின் 1977ல் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். இன்றும் தன்னார்வ மாணவர்களால்தான் ஓடுகிறது. உங்கள் கல்லூரியில் கிளை இல்லையென்றால் கேட்டு எழுதிப் போடலாம்.

இதே கதை வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் 1978ல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் சின்னக் கூட்டமாகத் தொடங்கிய தியாகராஜ ஆராதனை, இப்போது பத்து நாளுக்கு மேல் நடக்கும் பெரிய விழா. அங்கே வேலைக்குப் போன நம்மவர்களுக்கும் பக்கத்து வீட்டில் ரசிகர் கிடையாதுதான்.

மார்கழியில் ஒருமுறையாவது சென்னைக்குப் போய்வாருங்கள். செமஸ்டர் எக்ஸாம் அதே நேரத்தில் வந்து தொலைக்கும், நடுவில் கிடைக்கும் ரெண்டு நாள் போதும். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. அப்போது மேடையில் இருப்பவர் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர், கூட்டமும் குறைவு. இடைவேளையில் கேன்டீனில் காபியோடு நின்று, பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் "சார், அந்த ரெண்டாவது பாட்டு என்ன ராகம்?" என்று ஆரம்பியுங்கள். அடுத்த கச்சேரியே தொடங்கிவிடும், அவர் முடிக்க மாட்டார்.

திருவையாறு ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளையும் கூட்டமாகப் பாடுவார்கள். பந்தலில் உட்கார்ந்து கூடவே பாடுகிறவர்களும் ஏராளம். ஐந்தும் கற்க நேரம் இல்லையென்றால் கடைசியாக வரும் ஸ்ரீ ராகக் கீர்த்தனையை மட்டும் இப்போதே ஆரம்பியுங்கள். தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கினால் திருவையாறு டவுன் பஸ் இருக்கு. ராத்திரி பஸ்ஸுக்கு மூன்று டிக்கெட்டாகப் போடுங்கள்.