கரண்ட் வைக்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது. நான்கு மாதம் முன்பு ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனது. ரிப்போர்ட்டில் க்ளீசன் 3+4, பி.டி.3ஏ, மார்ஜின் பாசிட்டிவ், நெறிக்கட்டிகளில் நோய் இல்லை என்று இருக்கிறது. போன வாரம் பி.எஸ்.ஏ. 0.03. ஆபரேஷன் செய்த டாக்டர் 'பார்த்துக்கொண்டிருப்போம்' என்கிறார். இன்னொருவர் 'இப்போதே கரண்ட் வைத்துவிடுங்கள்' என்கிறார். பிரான்சில் இருக்கும் என் மகன் தினமும் போன் போட்டு, 'எதுக்குப்பா ரிஸ்க், உடனே வெச்சுக்கோ' என்கிறான். இருமினால் இன்னும் சிறுநீர் கசிகிறது, நாளைக்கு மூன்று பேடு ஆகிறது. என்ன செய்ய, டாக்டர்?
— பெயர் வேண்டாம், அம்பகரத்தூர்

பதில்: ஐயா, உங்கள் மகனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்விக்கு மிகவும் பக்கத்தில் வரும் பதில் அவர் இருக்கும் நாட்டில்தான் கிடைத்தது.

ஜெட்டுக்-அஃபு 17 என்று ஒரு பிரெஞ்சு ஆய்வு. 2008 முதல் 2016 வரை 424 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் உங்களுக்கு இருப்பதுபோலவே நோய் சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தது, மார்ஜினும் பாசிட்டிவ். பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு, அதாவது நாம் கரண்ட் என்கிறோமே, அது. மீதிப் பேரைக் கண்காணித்து, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற ப்ராஸ்டேட் புரதம் ஏறினால் மட்டும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், நோய் முற்றாமல் இருந்தவர்கள் உடனே வைத்த பக்கம் 92 சதவீதம், காத்திருந்த பக்கம் 90. அதாவது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் கொஞ்ச காலம் கழித்துத் தலைகாட்டும் சிறுநீர்த் தொல்லை, உடனே வைத்தவர்களில் 27 சதவீதம், காத்திருந்தவர்களில் 7. மூன்று பேடு மாற்றும் நீங்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

பிரிட்டன், கனடா, டென்மார்க், அயர்லாந்து சேர்ந்து 1,396 பேரை வைத்து நடத்திய ராடிகல்ஸ் ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. பத்து வருடக் கணக்கு 2024-இல் வந்தது. நோய் வேறு இடத்துக்குப் பரவாமல் இருந்தவர்கள் 93-க்கு 90. அந்த மூன்றை மகன் பிடித்துக்கொள்வார். அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த நேரத்தில், காத்திருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குக் கரண்டே தேவைப்பட்டிருக்கவில்லை.

உங்களைப் பயமுறுத்தியது 'மார்ஜின் பாசிட்டிவ்' என்ற சொல் என்று நினைக்கிறேன். எடுத்த சுரப்பியின் வெளிப்புறம் முழுக்க மை பூசி, சீவிச் சீவி நுண்ணோக்கியில் வைப்பார்கள். எங்காவது புற்றணு அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாசிட்டிவ். அதற்கு அப்பால் உங்கள் உடம்பில் மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மையால் அதற்கு மேல் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது பி.எஸ்.ஏ. மட்டும்தான். உங்களுடையது 0.03, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அதனால் என் கருத்து, இப்போது கரண்ட் வேண்டாம். நெறிக்கட்டியில் நோய் இருந்தாலோ, நோயின் வீரியத்தைக் காட்டும் க்ளீசன் எண் 8 அல்லது அதற்கு மேல் இருந்து விந்துப்பையிலும் பரவியிருந்தாலோ இப்படி எழுதமாட்டேன். அப்படிப்பட்டவர்கள் இந்த ஆய்வுகளில் குறைவு.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆய்வில் காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, தேதி வைத்து ரத்தம் கொடுத்தார்கள். நம் பக்கம் நடப்பது வேறு. முதல் இரண்டு டெஸ்ட் சரியாக வரும், மூன்றாவது நடவு நேரத்தில் விழும், நான்காவது பேத்தி கல்யாணத்தில். நல்லாத்தானே இருக்கேன் என்று ஒன்றரை வருடம் ஓடியபிறகு வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடம் விடாமல் பாருங்கள். ஒன்று வைகாசியில் பத்ரகாளியம்மன் திருவிழாவை ஒட்டி வரட்டும், மறக்காது. லேபை மாற்றாதீர்கள். ஒரு மெஷினில் 0.03 இன்னொன்றில் 0.05 காட்டும், நீங்கள் ராத்திரி தூங்கமாட்டீர்கள்.

எந்த எண் வந்தால் கரண்ட் என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு ஃபைல் அட்டையில் எழுதி வாங்குங்கள். பொதுவாக 0.2, அதையும் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். சிலர் 0.1-ஐத் தாண்டித் தொடர்ந்து ஏறினாலே ஆரம்பிப்பார்கள். இரண்டில் எதுவானாலும் சரி, 0.5 வரை விட்டுவிடக் கூடாது. ஏற ஏறக் கரண்டின் பலன் குறையும்.

கசிவுக்கு, சிறுநீரைப் பாதியில் நிறுத்த இறுக்குவோமே, அந்தத் தசைக்குத் தினமும் பயிற்சி கொடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம், உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் நல்லது. நான்கு மாதத்தில் கசிவது சாதாரணம். ஒரு வருடம் வரை தேறிக்கொண்டே போகும், அதற்கு நடுவில் கரண்ட் வைத்தால் அந்த முன்னேற்றம் தடைபடலாம்.

எண் தாண்டிவிட்டால் தயங்காதீர்கள். வாரம் ஐந்து நாள் வீதம் 33 நாள், சில இடங்களில் 20 நாளிலும் முடிப்பார்கள். எது என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் கரண்ட் வைக்கும் நேரத்தில் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும் என்பதால், சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று புதுச்சேரி ஜிப்மருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவது உங்கள் வயதில் நடக்காது. அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும், கூட ஒரு ஆள் வேண்டும். மகனிடம் லீவை அதற்கு மிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.