அழிக்கும் முன் ஒரு பட்டியல்: மேகக் கணிமையும் செயற்கை நுண்ணறிவு முகவரும்

நம் கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். மேகக் கணிமையில் அந்தக் குப்பைத்தொட்டி பல வேளைகளில் தானாக அமைவதில்லை. நாம்தான் கேட்டு வைக்க வேண்டும். கணினித் துறை மாணவர்களுக்கு இது தெரிந்த செய்தி. மற்றவர்களுக்கும் இன்று தேவைப்படுகிறது. ஏனெனில் அழிக்கும் வேலையை இப்போது 'ஏஜெண்ட்' எனப்படும் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டோம்.

மேகக் கணிமை என்பது யாரோ ஒருவரின் தரவு மையத்தில் கணினியையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு எடுப்பதாகும். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவுக்கெனத் தனி மேக வட்டாரத்தைத் திறந்தது. மைக்ரோசாப்ட் 2025இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் திறந்தது. வாடகை என்பதால் தொட்டாலும் தொடாவிட்டாலும் கட்டணம் ஏறும். ஆகவே வேண்டாதவற்றை அழிப்பது தவறன்று, தேவையே.

எனக்கு இப்பாடம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டின் நடுவே கிடைத்தது. மாணவராக இருந்த காலத்தில் நானும் நண்பர்களும் காப்பார் பக்கத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைப் பதிவு செய்திருந்தோம். அப்பதிவுகள் பிறகு மேகச் சேமிப்பகத்துக்கு மாறின. கட்டணம் கூடிவிட்டது என்று, இப்போது அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் முகவரிடம், "பயன்படுத்தாத வளங்களை நீக்கிச் செலவைக் குறை" என்று சொல்லியிருக்கிறார். அது பட்டியல் ஒன்றைத் தந்தது. தம்பி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, எல்லாம் பழசு. ஒரு வருசமா யாரும் தொறக்கல. சரின்னு போட்டுடவா?"

"எதுக்கும் பேரைப் படிங்க தம்பி."

மூன்றாவது வரியில் பாட்டிமார்களின் குரல் இருந்தது. அவர்களுள் இருவர் இன்று உயிருடன் இல்லை. அன்று அந்த முகவருக்குப் பட்டியலிடும் அனுமதி மட்டுமே இருந்தது. அது எங்கள் சாமர்த்தியம் அன்று. தம்பி இன்னும் மற்ற அனுமதியைக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முகவர் சொன்னதில் பொய் இல்லை. பயன்படுத்தாதது வேறு, வேண்டாதது வேறு. ஆவணக் காப்பகம் என்பதே யாரும் அடிக்கடி தொடாத ஒன்றுதானே! அந்த வேறுபாடு கட்டணப் பதிவில் இராது.

உலக அளவிலும் சான்றுகள் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்குக் கூகுள் மேகத்தில் இருந்த தனி மேகக் கட்டமைப்பு ஒன்று அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தம் கணக்கைப் பார்க்க இயலவில்லை. தாக்குதல் ஏதும் நடக்கவில்லை. அமைக்கும்போது உள் கருவி ஒன்றில் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. காலி என்றால் ஓராண்டுத் தவணை என்று கருவி எடுத்துக்கொண்டது; தவணை முடிந்ததும் தானே அழித்தது. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு அன்று என்பதால் முன்னறிவிப்பும் போகவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்த காப்புப்படிகள் மீட்புக்கு உதவின. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவர், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒருவரின் தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. அழித்தவரிடமே சேத விவரத்தைக் கேட்டு நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் முகவருக்கான அழிப்புக் கருவியை எப்படி அமைப்பது?

முதலில் கருவியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று திட்டம் எழுதும்: எந்த வளம், அதன் சரியான அடையாள எண், அளவு, உரிமையாளர், அதை நம்பியிருப்பவை, காப்புப்படி உண்டா என்பன. மற்றொன்று அழிக்கும்; ஆனால் வளத்தின் பெயரை ஏற்காது, ஒப்புதல் பெற்ற திட்ட எண்ணை மட்டுமே ஏற்கும். ஒப்புதலை முகவரின் கை எட்டாத வழியில் மனிதர் தர வேண்டும். 'உறுதியா?' என்று கேட்டால் முகவரே 'ஆம்' என்று சொல்லிவிடுமானால் அந்தக் கேள்வியால் பயனில்லை. திட்டம் எழுதியபின் வளத்தின் நிலை மாறியிருந்தால் கருவி நின்றுவிட வேண்டும். காலிக் கட்டத்துக்கும் 'எல்லாம்' என்று பொருள் கொள்ளாமல், நின்றுவிட வேண்டும். ஒரு முறைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் தேவை. கோப்பின் பெயரிலோ குறிப்பிலோ யாராவது எழுதிவைத்த வாசகத்தைக் கட்டளை என்று முகவர் எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருப்பதால், இக்கட்டுப்பாடுகள் முகவருக்கான அறிவுரையில் இருந்தால் போதாது. அனுமதியிலேயே இருக்க வேண்டும்.

மேக நிறுவனங்களே சில பாதுகாப்புகளைத் தருகின்றன. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் பதிப்புகளைக் காக்கும் வசதியை இயக்கினால், சாதாரண அழிப்பு ஓர் அழிப்புக் குறியை மட்டும் இடும். பழைய பதிப்பு உள்ளே இருக்கும். குறிப்பிட்ட பதிப்பையே அழித்தால் போனதுதான். அஷூரில் வளத்துக்குப் பூட்டுப் போடலாம். கூகுளில் அழித்த திட்டப்பணியை 30 நாளுக்குள் மீட்கக் கேட்கலாம். ஆனால் அதனுள் இருந்த எல்லாமே திரும்பும் என்று எண்ணக்கூடாது. பூட்டைத் திறக்கும் அனுமதியையும் முகவருக்கே தந்தால் பூட்டு எதற்கு?

துறையினரிடம் 'அலறல் சோதனை' என்று ஒரு வழக்கம் உண்டு. அழிக்காமல் முதலில் நிறுத்திவைத்து, யார் அலறுகிறார்கள் என்று சில வாரம் பார்ப்பது. சேவைக் கணினிகளுக்கு இது நல்ல வழி. பாட்டிமார்களின் பதிவுக்காக யாரும் அலறமாட்டார்கள். அதனால் உரிமையாளர் பெயரும் காக்க வேண்டிய காரணமும் ஒட்டப்படாத எதையும் முகவர் பட்டியலில்கூடச் சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து. இதனால் கொஞ்சம் கட்டணம் வீணாகும். ஆகட்டும்.

காப்புப்படி இருக்கிறது என்ற நினைப்பும் போதாது. 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சேவைக் கணினியில் கோப்பகத்தை அழித்தார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5தான் மிஞ்சியது. வழக்கமான காப்பு முறைகளைத் தேடியபோது அவை சரியாக இயங்கியிருக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த படி ஒன்று காப்பாற்றியது.

எங்கள் பதிவுகளுக்கு இப்போது பெயரும் காரணமும் ஒட்டியாயிற்று. பதிப்புக் காப்பும் இயங்குகிறது. ஒரு படி கிள்ளானில் என் வீட்டு அலமாரியில் வன்தட்டாக இருக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தம்பி ஒரு பதிவை அதிலிருந்து எடுத்து முழுதாக ஓடவிட்டுக் கேட்கிறார். சென்ற முறை கேட்டது, பால்மரம் வெட்டப் போன முதல் நாளைப் பற்றிய பேச்சு. பின்னணியில் சேவல் கூவுகிறது.