தட்டிக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

மகாராஜபுரத்தில் நான் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், ஒரு கோடை நண்பகலில், நெல் மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டியொன்று பள்ளி வாயிலருகே நின்றுவிட்டது. மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்திய புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் தார்க்குச்சியால் குத்தினார். நான் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று, "கொடுமை, கொடுமை" என்று கூவச் செய்தேன். கூட்டத்தின்முன் அவமானமுற்ற அவர், முன்னிலும் வலுவாகக் குத்தி வண்டியை ஓட்டிச் சென்றார். அன்று என்னால் அம்மாட்டிற்குக் கிடைத்தவை கூடுதலான குத்துகள்தாம்.

மறுவாரம் அவர் இல்லத்திற்குச் சென்றேன். "டீச்சரம்மா, மாட்டுக்குப் புண்ணுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை மூட்டை ஏத்தினாத்தான் வியாபாரி கூலி தருவாரு" என்றார். நான் தட்டிக் கேட்டிருக்க வேண்டியவர் வேறொருவர் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. அநேகாந்தத்தை ஏட்டளவில் கற்றிருந்தேன் போலும்!

அன்பர்களே, அறவழிப் போராட்டத்தின் முதற்பாடம் இதுவே. கொடுமையை நிறுத்தும் ஆற்றல் எவரிடம் உள்ளதோ, அவரை முதலில் அறிதல் வேண்டும். ஹென்றி ஸ்பைரா என்னும் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளை வதைத்து நடந்த ஆய்வுகளை 1976ஆம் ஆண்டில் எதிர்த்தார். அவர் எடுத்த எடுப்பில் தெருவில் இறங்கவில்லை. தகவல் பெறும் சட்டத்தின் வழியே ஆவணங்களைத் திரட்டினார்; நிருவாகத்தாரோடு பேச முயன்றார். அது பயனளிக்காத பின்னரே அன்பர்களுடன் வார இறுதிதோறும் வாயிலில் அட்டை தாங்கி நின்றார். ஓராண்டிற்கும் மேல் அமைதியாக நின்றனர். 1977இல் அவ்வாய்வுகள் நின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் 2005 முதல் உண்டு. நம்முள் எத்தனை பேர் அதன்படி ஒரு விண்ணப்பமேனும் எழுதியிருக்கிறோம்?

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அச்சட்டம் முதற்குற்றத்திற்கு விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வருந்தத்தக்கது. ஆயினும் அதன்கீழ் 1965இல் வந்த விதிகள் நயமானவை. பாரம் இழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்பட்டால், நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. இத்தகைய விதியொன்றை அட்டையில் எழுதி இருபது பேர் ஒரு மணி நேரம் மௌனமாக நின்றால், அதனைக் காண்போர் படிப்பர். வசை எழுதிய அட்டையை எவரும் படியார்.

கூடும் இடம், நேரம், வருவோர் தொகை, பொறுப்பாளர் ஆகியவற்றைக் குறித்துக் காவல் நிலையத்தில் முன்னரே எழுத்து மூலம் அனுமதி பெறுக. ஒலிபெருக்கி வேண்டாம். சிறுவரைக் கொண்டு எவரையும் பழித்துக் கூவச் செய்தல் கூடவே கூடாது. அப்பிழையை நான் செய்துவிட்டேன், போதும்.

ஆதாரத்தின் வலிமைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரே சான்று. 2021 பிப்ரவரியில், தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமில் ஆண்டாள் கோவில் யானை ஜெயமால்யதா அடிக்கப்பட்ட காணொளி வெளிவந்ததும், பாகனும் உதவியாளரும் கைது செய்யப்பட்டனர்.

கோவில் திருவிழாப் பலியோ வேறு வகை. அதனைத் தடை செய்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டது. மக்கள் மனம் புண்பட, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. மாக்கோழிப் பலியும் வினையாகும் என்று யசோதர காவியத்தில் கற்ற நமக்குப் பதைப்பு இயல்பே. எனினும் திருவிழா நாளில் அட்டை தாங்கிச் செல்லாதீர்கள். சில திங்கள் முன்னரே ஊர்ப் பெரியவர்களின் திண்ணையில் அமர்ந்து பேசுங்கள்.

அந்த நெல் வியாபாரியிடம் நாங்கள் ஐவர் விதிகளின் படியுடன் சென்றோம். மூட்டைகள் குறையவில்லை, நண்பகல் ஓட்டம் மட்டும் நின்றது. இன்று பாரவண்டிகள் அருகிவிட்டன. மாடுகளை அடைத்துச் செல்லும் லாரிகளோ பெருகிவிட்டன. ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. சந்தை நாளன்று சாலையோரம் நின்று, எத்தனை ஏற்றுகிறார்கள் என்று முதலில் எண்ணிக் குறித்து வாருங்கள். அட்டை எழுதுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.