மறதி நோய் வந்தவருக்கு வீட்டைத் தயார்செய்வது எப்படி?

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் டி ஹோகவேக் என்றொரு குடியிருப்பைத் திறந்தார்கள். மறதி நோய் முற்றியவர்கள் வசிக்கும் இடம் அது. தெரு, கடை, தோட்டம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. விரும்பியபோது வீட்டைவிட்டு வந்து அதற்குள்ளேயே நடக்கலாம். களமருதூர் போன்ற ஒரு கிராமத்திலேயே வாழ்ந்து மூத்த ஒருவருக்கு இதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது: உட்காரத் திண்ணை, நடக்கத் தெரு, பெயர் சொல்லி விசாரிக்க ஆட்கள். குறைவது வெளிச்சம், கைக்கெட்டும் கழிப்பறை, ஆபத்தில்லாத கொல்லை. இந்த மூன்றையும் குறைந்த செலவில் செய்துவிடலாம்.

வீட்டில் கை வைப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தெரியும். அவற்றுக்கு மருந்து உண்டு. இரண்டே நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். கண்புரையையும் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். பெற்றோரை மாதம் ஒரு மகன் வீடு என்று முறை வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. மறதி நோய் வந்தவருக்கு அது பெருங்கொடுமை. புதிதாகக் கற்றுக்கொள்ளும் திறன்தான் இந்த நோயில் பெரும்பாலும் முதலில் போகிறது. நாற்பது வருடம் நடந்த வீட்டில் இருட்டிலும் கால் தானாக வழி கண்டுபிடிக்கும். மகனின் புது வீட்டில் பட்டப்பகலிலும் குளியலறை எங்கே என்று தெரியாது. மாதம் முடிந்து அந்த வீடு கொஞ்சம் பழகும்போது அடுத்த வீடு வந்துவிடும். அதனால் அவர் ஓரிடத்தில் இருக்கட்டும், முறை வைத்து நீங்கள் வந்து போங்கள். முடியாத நிலையில் ஒரே வீட்டை முடிவுசெய்து, அவருடைய கட்டில், டிரங்குப் பெட்டி, சாமி படம் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோங்கள். பழைய வீட்டில் கட்டில் எந்தத் திசையில் கிடந்ததோ அதே திசையில் போடுங்கள்.

பிறகு சில நாள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கவனியுங்கள். எங்கே தடுமாறுகிறார், எந்த நேரத்தில் எழுந்து நடக்கிறார், எதைக் கண்டு பயப்படுகிறார் என்று எழுதிவையுங்கள். எதை முதலில் மாற்றுவது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

பெரும்பாலான வீடுகளில் அது கழிப்பறையாகத்தான் இருக்கும். கண்ணில் படாத கழிப்பறை அவரைப் பொறுத்தவரை இல்லாத கழிப்பறை. மூலையில், தொட்டிச் செடியில் சிறுநீர் கழித்தால் திட்டாதீர்கள், அவர் இடம் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. கழிப்பறைக் கதவுக்குச் சுவரோடு ஒட்டாத அடர் நிறம் ஒன்று பூசுங்கள், வீட்டில் வேறு எந்தக் கதவுக்கும் அந்த நிறம் வேண்டாம். ஆளில்லாத நேரத்தில் கதவு திறந்தே இருக்கட்டும். வெள்ளை டைல்ஸில் வெள்ளைப் பீங்கான் தெரியாது. மேல் மூடி நிறமுள்ளதாக இருந்தால் தெரியும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளைபோட்டு இறுக்குங்கள். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. கழிப்பறை தோட்டத்துக் கோடியில் என்றால் இரவுக்கு மட்டும் கமோடு நாற்காலி வாங்கிக் கட்டிலருகே போடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு முழுக்க விளக்கு எரியட்டும். கரண்டு போனாலும் எரிகிற சார்ஜ் விளக்காக ஒன்று கட்டாயம்.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. நமக்குப் போதுமான பல்பு அவருக்குப் போதாது. பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும், 'வீட்டுக்குப் போகணும்' என்பார்கள். இருட்டுவதற்கு அரை மணி முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். கண்ணாடியில் தன் முகத்தையே வேற்று ஆளாக எண்ணிப் பயந்தால் அதைத் துணியால் மூடுங்கள். பளபளக்கும் தரை தண்ணீராகவும், கறுப்பு மிதியடி பள்ளமாகவும் தோன்றும். மிதியடியை எடுத்துவிட்டு, வாசற்படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். பாஸ்டன் ஆய்வாளர்கள் செய்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைத் தட்டுக்குப் பதில் அடர் சிவப்புத் தட்டு வைத்ததும் நோயாளிகள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம்மிடம் வாழையிலை இருக்கிறது. பச்சையில் வெள்ளைச் சோறு நன்றாகத் தெரியும். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் தயிர்சோறு தெரியாது. சாப்பிடும்போது டிவியை நிறுத்திவிடுங்கள்.

நடப்பதைத் தடுக்காதீர்கள். அடைத்துவைத்தால் கோபமும் கூடும், காலும் மடங்கிப்போகும். திண்ணை, வாசல், வீட்டைச் சுற்றிக் கொல்லை, மறுபடி திண்ணை என்று முட்டுச்சந்து இல்லாத சுற்றுப்பாதை ஒன்று போடுங்கள், நடுவில் நிழலில் ஒரு பெஞ்சு. கிணற்றுக்கு இரும்பு வலை. பூச்சிமருந்து, களைக்கொல்லி, மண்ணெண்ணெய், அரிவாள் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போகட்டும். பழைய தண்ணீர் பாட்டிலில் மருந்தை ஊற்றிவைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். படலிலோ கேட்டிலோ மணி கட்டுங்கள். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் மூன்றிலும் விஷயத்தைச் சொல்லிவைத்து, சட்டைப் பையிலோ புடவை முந்தானையிலோ போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை. காணாமல்போனால் பழைய நிலம், பிறந்த வீட்டுப் பாதை, ஏரிக்கரை என்று உடனே தேடுங்கள். ஆளுயரக் கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்தவர் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியமாட்டார். அங்கேயும் தேடிக்கொண்டே 112க்கும் சொல்லுங்கள். கல்வராயன் மலைக் கிராமங்களில் ஓடையும் சரிவும் உள்ள பக்கம்தான் முதலில் வேலி வேண்டும்.

வேலை கொடுங்கள். ஆயா புளியில் கொட்டை எடுக்கட்டும், அவரைக்காய் ஆயட்டும். தப்பாகச் செய்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம். விறகடுப்பு எரியும்போது மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இத்தனையும் கடைசியில் விழுவது பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையில்தான். வாரத்தில் ஒரு முழு நாளும், தினம் ஒரு முழுத் தூக்கமும் அவருக்கு எழுதிவைத்த முறையாகக் கிடைக்க வேண்டும். வெளியூர் மகன்கள் பணம் அனுப்புவதோடு தாங்களும் சில நாள் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே கட்டணமில்லாதவை. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது பெரியவரின் தூக்கம், சாப்பாடு பற்றிச் சொல்வதோடு மருமகளின் முதுகுவலியையும் சொல்லுங்கள்.