பெரிய ஜெற் விமானமும் அதன் வரம்புகளும்

எமது கல்லூரி மாணவர் சிலர் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் முதலிய ஊர்களைக் கடந்து ஏறக்குறைய எட்டு மைலில் விமான நிலையம் இருக்கின்றது. அங்கே விசிறி பூட்டிய சிறிய விமானங்கள் வந்து போகின்றன. "பெரிய ஜெற் விமானங்கள் ஏன் வருவதில்லை?" என்பதே அம்மாணவர்தம் வினா. பெரியோர் பலர் இதற்கு அரசியலை விடையாகக் கூறுவர். அவ்விடையை நாம் மறுக்கப் புகவில்லை. ஆயினும், அரசியல் முழுவதும் சீராகிவிட்டாலும் எஞ்சி நிற்கும் விடையொன்று உண்டு. அது கணக்கும் பௌதிகமும் சார்ந்தது. அதனையே இம்மலரில் விளக்க முயல்கின்றோம்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பெற்றது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை என அன்று வழங்கிய இத்தளத்தின் வழியாகவே சென்னை சென்றது. அவ்விமானம் 'சீதா தேவி' எனப் பெயரிடப்பெற்ற டக்கோட்டா. போரினால் நெடுங்காலம் பொதுமக்களுக்கு அடைபட்டிருந்த வழி பின்னர் மெல்லத் திறந்தது. 2019ஆம் ஆண்டு ஒற்றோபர் 17ஆம் நாள் பலாலி அனைத்துலக விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. கொவிட் நோய்க்காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. 2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் சேர்ந்துகொண்டது. இச்சேவைகளில் வந்தவை ஏ.ரி.ஆர். 72 என்னும் விமானங்கள். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆசனங்கள்; நிறை மிகக் கூடினால் 23 தொன். 2019இற் செப்பனிட்டுத் திறந்த ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றருக்கு உட்பட்டது. அந்நீளத்திற்கு ஏற்ற விமானமே அங்கு வந்தது.

இனிப் பெரிய விமானத்தை நோக்குவோம். ஒவ்வொரு விமானத்துக்கும் கைந்நூல் ஒன்று உண்டு. அதன் முதன்மையான அதிகாரங்களுள் ஒன்று 'வரம்புகள்' என்பது. அந்த அதிகாரத்தின் எண்கள் பலவற்றை விமானி மனனஞ் செய்தே ஆகவேண்டும்; ஆபத்து வேளையில் ஏட்டைப் புரட்ட நேரம் இராது. நாம் வாய்பாடு மனனஞ் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, அங்கே பிழைத்தாற் பிரம்படியோடு போகாது என்பதே.

முதலாவது வரம்பு நிறை. போயிங் 747-400 விமானம் ஏறக்குறைய 397 தொன் நிறையோடு தரையைவிட்டு எழலாம். ஆனால் இறங்கும்போது அதன் நிறை 300 தொன்னுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். எழும்போது தாங்கிய சில்லுகள் இறங்கும்போது ஏன் தாங்கமாட்டா என மாணவர் வினவலாம். எழும் விமானம் தரையை மெல்ல விட்டு நீங்குகின்றது. இறங்கும் விமானமோ தரையை மோதுகின்றது. அம்மோதலைச் சில்லுக் கால்களும் இறக்கையின் அடியும் ஏற்கவேண்டும். அன்றியும், முழு நிறையோடு ஓடுபாதைக்குள் நிறுத்தவும் வேண்டும். இடைப்பட்ட நூறு தொன்னும் பெரும்பாலும் வழியில் எரிந்து தீரும் எண்ணெயே. புறப்பட்ட உடனே திரும்ப நேர்ந்தாற் சில விமானங்கள் வானிலேயே எண்ணெயைக் கொட்டிவிட்டு இறங்குவது இதனாலேயே. வீண்செலவு என்று பத்திரிகை படிப்போர் முணுமுணுப்பதுண்டு.

நிறையிலிருந்து பிறப்பவை புறப்பாட்டு வேகங்கள் மூன்று. முதலாவது முடிவு வேகம். அவ்வேகத்திற்கு உட்பட்டு ஓர் இயந்திரம் பழுதானால் விமானத்தை நிறுத்திவிடலாம். அதனைக் கடந்தபின் பழுதானால் நிறுத்த முயலலாகாது, எழுந்தே ஆகவேண்டும். இரண்டாவது மூக்கை உயர்த்தும் வேகம். மூன்றாவது, ஓர் இயந்திரம் நின்றுபோன நிலையிலும் பாதுகாப்பாக மேலேறத்தக்க வேகம். இம்மூன்றும் ஒவ்வொரு பயணத்திற்கும் புதிதாகக் கணிக்கப்படுவன. நிறை, ஓடுபாதையின் நீளம், அதன் ஈரம், காற்று, வெப்பம் ஆகிய யாவும் அக்கணக்கிற் சேரும். எமது குடாநாட்டின் நண்பகல் வெப்பம் 33 பாகை எனக் கொள்வோம். கைந்நூல் அளவுகோலாகக் கொள்ளும் 15 பாகையோடு ஒப்பிட, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு குறைகின்றது. இறக்கைக்கும் இயந்திரத்திற்கும் உணவு அக்காற்றுத்தான். ஆதலின் விமானம் கூடுதலான தூரம் ஓடவேண்டும், அல்லது சுமையைக் குறைக்கவேண்டும்.

இக்கணக்கில் ஓர் இலக்கம் பிழைத்தால் என்னாகும்? 2009ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மெல்பேண் நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். டுபாய் செல்லப் புறப்பட்ட எமிரேற்ஸ் நிறுவனத்தின் எயார்பஸ் ஏ340-500 விமானத்திற் கணிப்புக்கு இடவேண்டிய நிறை 362.9 தொன். கணிப்பானில் விழுந்த எண் 262.9. முதல் இலக்கம் ஒன்று குறைந்தது. நூறு தொன் மறைந்தது. கருவி பிழையின்றிக் கணக்கைச் செய்தது. ஆனால் வேறொரு விமானத்தின் கணக்கைச் செய்தது. குறைந்த வேகங்களும் குறைந்த இயந்திர விசையும் விடையாக வந்தன. மூக்கை உயர்த்தியபோது விமானம் எழவில்லை. வால் தரையில் உராய்ந்தது. விமானி முழு விசையையும் கொடுத்தமையால், ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, அங்கிருந்த விளக்கொன்றையும் வானொலிக் கருவியையும் இடித்துக்கொண்டு ஒருவாறு மேலெழுந்தது. 275 உயிர்கள் தப்பின. விடையைச் சரிபார்ப்பதோடு நில்லாது, விடை நியாயமானதோ என மனத்தால் மதிப்பிடவும் வேண்டும் எனக் கணித வகுப்பில் நாம் ஓயாது கூறுவது இதற்காகவே. கணிப்பான் வந்தபின் அவ்வழக்கம் மாணவரிடம் அருகிவிட்டது.

இதே பாடத்தின் பழைய பக்கமொன்றும் உண்டு. 1953ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் கராச்சியிற் கொமெற் என்னும் முதற்றலைமுறை ஜெற் விமானமொன்று புறப்படுகையில் மூக்கு அளவுக்குமேல் உயர்த்தப்பட்டது. அவ்வாறு உயர்ந்த இறக்கை காற்றைத் தடுத்ததேயன்றித் தாங்கவில்லை, வேகம் கூடவில்லை, விமானம் தரையை விடவில்லை. அதிலிருந்த பதினொருவரும் மாண்டனர். ஜெற் பயணி விமான வரலாற்றில் உயிர்ச்சேதம் விளைத்த முதல் விபத்து இதுவே. முந்திய ஆண்டு ஒற்றோபரில் உரோமாபுரியிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்ந்திருந்தது. அங்கு எவரும் இறவாமையால் எச்சரிக்கை போதிய அளவு உறைக்கவில்லை போலும். பின்னர் அவ்விமானத்தின் இறக்கை முன்விளிம்பும் திருத்தப்பட்டது, புறப்பாட்டு முறையும் திருத்தப்பட்டது. கைந்நூலின் வரம்பெண் பலவற்றின் பின்னே இத்தகைய நாளொன்று மறைந்திருக்கின்றது.

உயரத்திற்கும் வரம்புண்டு. போயிங் 747-400க்கு 45,100 அடி. போயிங் 737-800க்கு 41,000 அடி. உயரச் செல்லச் செல்லக் காற்று ஐதாகின்றது. மிதந்து நிற்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த வேகம் கூடுகின்றது. மறுபுறம், ஒலியின் வேகத்தை நெருங்கினால் இறக்கைமீது அதிர்ச்சியலைகள் தோன்றி விமானத்தைக் குலுக்குமாதலால் மேல் வேகத்திற்கும் தடையுண்டு. 747-400க்கு அது ஒலிவேகத்தின் நூற்றில் 92 பங்கு. 737-800க்கு 82 பங்கு. ஏறும்தோறும் இவ்விரு சுவர்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. விமானி அவற்றிடையே ஒடுங்கிய ஒழுங்கையிற் செல்பவன்போற் செல்கின்றான். மற்றொரு காரணம் உடற்கூட்டின் வலிமை. 40,000 அடிக்கருகிற் பறக்கும்போதும் உள்ளிருப்போர் ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக் காற்றையே சுவாசிக்கின்றனர். அதாவது 8,281 அடியுள்ள பீதுருதாலகால மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருப்பதுபோல. அதற்காக உள்ளே அடைத்துவைக்கும் அமுக்கம் ஒரு சதுர அங்குலத்தின்மீது எட்டு ஒன்பது இறாத்தல் அளவிற்கு வெளிநோக்கித் தள்ளுகின்றது. கூடு தாங்கும் அளவே உயரத்தின் அளவு.

கீழும் ஒரு வரம்புண்டு என்பதை எமது நாடே கண்டது. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் சுரபாயாவிலிருந்து யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா நோக்கி வந்த டி.சி. 8 விமானம், நிலையத்தை உள்ளதினும் அண்மித்துவிட்டதாகக் கருதி இறங்கியமையால், மஸ்கெலியாவிற் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். மலைக்கு மேல் இன்ன அடிக்குக் கீழ் இறங்கலாகாது என்பது ஏட்டில் இருந்த எண்ணே.

இறங்கும் வரம்புகளே எமது வினாவுக்கு மிக அண்மையானவை. ஆதலின் சற்று விரிப்போம். விமானம் எதிர்க்காற்றில் இறங்க விரும்பும். பின்காற்றிற்கு உரிய எல்லை பெரும்பாலான ஜெற் விமானங்களுக்கு மணிக்கு 10 அல்லது 15 கடல்மைல் மட்டுமே. இது மிகச் சிறிதென்று தோன்றும். காற்றிற் சார்ந்த வேகம் மணிக்கு 145 கடல்மைல் என்க. 10 கடல்மைல் எதிர்க்காற்றில் அது தரையைத் தொடும் வேகம் 135. 14 கடல்மைல் பின்காற்றில் 159. நிறுத்தவேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுமாகையால், இரண்டாவது விமானத்தை நிறுத்துவது நூற்றுக்கு 39 பங்கு கடினம். மழை நீர் தேங்கிய பாதையிற் சில்லின் பிடியும் குறையும்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் கேரளத்துக் கோழிக்கோட்டில் இக்கணக்கு உயிர்களாக மாறிற்று. டுபாயிலிருந்து 190 பேருடன் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-800, மழையில் ஒருமுறை இறங்க முயன்று மேலெழுந்தபின், மறுதிசையிலிருந்து இறங்கியது. தரையைத் தொட்ட வேளையிற் பின்காற்று 14 கடல்மைல். 8,858 அடி நீளமான பாதையில் அது தொட்ட இடம் 4,438 அடியில். பாதி பாதை பின்னே போயிற்று. குன்றின் தலையை வெட்டிச் சமைத்த அந்நிலையத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். உரிய இடத்தில் தொடாவிடில் மீண்டும் எழவேண்டும் என்பது விதி. "எழுக" என்று துணை விமானி சொன்னதாகவும், மூத்த விமானி அதனை ஏற்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தாம் ஏற்கவில்லை என்றும் விசாரணை அறிக்கை கூறுகின்றது. கரும்பலகையில் ஆசிரியர் செய்த பிழையைக் கண்டும் வாளாவிருக்கும் நன்மாணாக்கரை எமது வகுப்பறைகள் நிறையவே உருவாக்கியுள்ளன. அதனை நாமே ஒப்புக்கொள்ளவேண்டும். இக்காலத்து விமானிப் பயிற்சியில், மூத்தோனைத் திருத்தும் சொற்கள் வாய்விட்டுப் பழக்கப்படுகின்றன.

இனி வினாவுக்கு வருவோம். முழு நிறையுடைய 747 விமானத்திற்கு மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை வேண்டும். கட்டுநாயக்காவின் பாதை 3,350 மீற்றர். 80 தொன்னுக்குச் சற்றுக் குறைந்த 737, ஏ320 முதலியனவற்றிற்கும், பயணிகளையும் எண்ணெயையும் வேண்டிய அளவு ஏற்றி வெப்பமான நாளில் எழுவதானால், இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம் வேண்டும். நீளத்தோடு அகலமும் தளத்தின் திண்மையும் வேண்டும்; ஒரு சில்லின்மேல் இறங்கும் சுமையைத் தாங்காத தார்ப்பாதை வெடிக்கும். பாதையை நீட்டவேண்டும் என்று கேட்போருள் நாமும் ஒருவரே. ஆயின் அங்கே நீளும் மீற்றர் ஒவ்வொன்றும் ஒருவரது தோட்டத்தின் செம்மண். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், எமது பழைய மாணவர் குடும்பங்கள் உட்பட, தம் காணிக்காக நெடுங்காலம் காத்திருந்தன. பாதைக்கு எவ்வளவு நிலம் வேண்டும், எவ்வளவு வேண்டாம் என்பதையும் இக்கணக்கே காட்டும். கணக்கறியாதார் கேட்டால் வேண்டியதற்குமேல் போய்விடும். பொறியியல் பயின்ற பழைய மாணவர் இவ்விடயத்தில் வாய்திறக்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

உயர்வகுப்பு மாணவர் தாமே செய்து பார்க்கக் கணக்கொன்று தருகின்றோம். விமானமொன்று செக்கனுக்கு 70 மீற்றர் வேகத்தில் தரையைத் தொட்டு, செக்கனுக்குச் செக்கன் 1.8 மீற்றர் வீதம் வேகங் குறைகின்றது. அது நிற்கும் தூரம் யாது? பின்காற்றினால் தொடும் வேகம் 75 மீற்றராகக் கூடின் யாது? பாதை 2,000 மீற்றராயின், ஒவ்வொரு நிலையிலும் தொடக்கத்திலிருந்து எத்துணைத் தூரத்திற்கு உள்ளே அது தரையைத் தொடவேண்டும்? அதே விமானத்தைப் பலாலியில் 1,500 மீற்றர்ப் பாதையில் இறக்க எண்ணின், இரண்டாம் நிலையில் வரும் விடையை நன்றாக உற்றுநோக்குக.