மீன் தொட்டியின் அடியில் மணலா, வெறும் கண்ணாடியா?

கற்பிட்டி, சிலாபம் பக்கம் மீன் தொட்டி வைப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கடற்கரை மணல்தான். அதை அள்ளிப் போடாதீர்கள். அதில் சிப்பித் தூள் கலந்திருக்கும். கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கப்பி, மொலி மீன்கள் கடின நீரைத் தாங்கும், நியோன் டெட்ராவுக்கு ஒத்துவராது.

கற்பிட்டியில் இன்னொரு சங்கதி. மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் உரம் மணல் நிலத்தில் எளிதாக இறங்கிவிடுவதால், பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். அந்தத் தண்ணீரால் எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியில் நைத்திரேற்று குறையாது. அதோடு மணலுக்குள் தீனியும் எச்சமும் அழுகினால் இன்னும் கூடும். அப்படியான வீட்டில் என் தெரிவு வெறும் கண்ணாடி. அழுக்கு கண்ணுக்குத் தெரியும், குழாயால் உறிஞ்சிவிடலாம். குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் இதுவே வசதி. கண்ணாடியின் பளபளப்பில் மீன் மிரண்டால், வெளிப்புறமாக அடியில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள்.

வேரூன்றும் செடியோ, தரையைக் கிளறித் தின்னும் கோரிடோரசோ இருந்தால் மணல் வேண்டும். கழுவிய மென்மையான ஆற்று மணல், சிறு தொட்டிக்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் போதும்.

பழைய மணலை எடுப்பதானால் ஒரே நாளில் வாராதீர்கள். கழிவைச் சிதைக்கும் பற்றீரியாவும் அதோடு போய், அமோனியா ஏறும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அதுவரை, பஞ்சில் இருக்கும் பற்றீரியாவும் போய்விடாதிருக்க, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவ வேண்டாம்.