பீரோ மேல் கிடக்கும் குக்ரிக்குச் சில குறிப்புகள்

இருக்கன்குடி, சாத்தூர் பக்கம் பட்டாளத்தில் இருந்தவர் உள்ள சில வீடுகளில் ஒரு நேபாளக் குக்ரி கிடக்கும். அலங்காரத்துக்கு வைக்க வேண்டியதில்லை. நம் அருவாள் செய்யும் வேலையை அதுவும் செய்யும்.

1. புதிதாக வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். போஜ்பூர் பக்கத்துக் கொல்லர்களும் நம் பட்டறைக்காரர்களைப் போலப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் காய்ச்சி அடிக்கிறார்கள். துவைச்சலில்தான் வித்தியாசம்: பழுத்த இரும்பின் வாய்ப்பக்கம் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் வாய் கெட்டி, முதுகு இளக்கம். ஒரு சிறு அரத்தை வைத்து இழுங்கள். வாயில் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கடித்தால் அது ஷோகேஸ் சரக்கு.

2. உறையிலிருந்து உருவும்போது உறையின் முதுகுப் பக்கத்தைப் பிடியுங்கள். விரல்களை வாய்ப்பக்கம் சுற்றிப் பிடித்தால், தோலை அறுத்துக்கொண்டு கத்தி விரலுக்கு வந்துவிடும். பலரும் காயப்படுவது இப்படித்தான்.

3. உருவினால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்பதெல்லாம் கதை. நேபாள வீடுகளில் அதே கத்தியில்தான் காய் நறுக்குகிறார்கள்.

4. தேங்காய், கறி எலும்பு, சீமைக்கருவேலக் கிளை எதை வெட்டினாலும் அடியில் மரக்கட்டை இருக்கட்டும். ஓங்கி வெட்ட, அகன்ற வயிற்றுப் பகுதி. சீவ, பிடியை ஒட்டிய பகுதி. வெட்டில் சிக்கினால் பக்கவாட்டில் நெம்பாதீர்கள்.

5. மாங்காய், எலுமிச்சை, வாழைத்தண்டு நறுக்கியதும் உடனே கழுவித் துடையுங்கள். இது எவர்சில்வர் அல்ல. பிறகு தேங்காய் எண்ணெய் லேசாக. சூரியகாந்தி எண்ணெய் நாளடைவில் பிசினாக ஒட்டும்.

6. சாணை மெஷினில் வாய் நீலம் பாய்ந்தால் துவைச்சல் போச்சு. தண்ணீர் தெளித்துக் கல்லில் தீட்டுவதே நல்லது. பட்டாசு, தீப்பெட்டிச் சரக்கு இருக்கும் இடத்தின் பக்கத்தில் மெஷினைத் தொடவே கூடாது. ஆலைகளில் மருந்து அறைக்குள் இரும்புக் கருவிகளை விடாததும் பொறிக்குப் பயந்துதான்.

7. பிடியை அரக்கு மாதிரியான பிசின் வைத்துத்தான் இறுக்கியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் போட்டால் இளகி ஆட்டம் காணும். தோலுறை ஈரம் இழுக்கும். மாதக்கணக்கில் வைப்பதானால் உறைக்கு வெளியே, எண்ணெய்த் துணி சுற்றி.

8. ஆயுத விதிகள் 2016, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளின் பட்டியலில் குக்ரியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போகாதீர்கள். கிடா வெட்டுக்கு ஊர் அருவாள் போதும்.

9. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமத்தை மறுநாளே துடைத்துவிடுங்கள். பொட்டு வைத்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.